வாசலுக்கு எதைப் போடுவது: டைல்ஸா, இண்டர்லோக் அடுக்கு கல்லா, சிமெண்டா? (மலேசியா, சுங்கை சிப்புட், மூலை வீடு)

மூலைவீட்டுக்காரி

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) மூலை வீடு வாங்கியிருக்கிறோம். கேட்டிலிருந்து போர்ச் (வீட்டு முன்னால் கார் நிறுத்தும் கூரையடி) வரை 30 அடி நீளம், 20 அடி அகலம். இப்போது அங்கே கிடப்பது செம்மண்ணும், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன ஜல்லியும்தான். மழை பெய்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடுகிறது, கால் மட்டும் வருகிறது. வெயில் அடித்தால் வீடெல்லாம் சிவப்புத் தூசி.

அண்ணனுக்கு முழுக்க டைல்ஸ் போட வேண்டும். அம்மாவுக்குக் கோலம் போட இடம் வேண்டும்; வேலியோரம் இருக்கும் செம்பருத்தி, கருவேப்பிலை, இட்லிப்பூ மூன்றையும் யாரும் தொடக் கூடாது. அப்பா கைத்தடியோடு நடக்கிறார். ஒரு மைவி கார், அண்ணனுடைய ஹைலக்ஸ் பிக்கப், ஒரு மோட்டார் சைக்கிள், இவ்வளவுதான் வண்டிகள். பக்கத்து வீட்டில் சிமெண்டு ஊற்றினார்கள், ஆறு மாதத்தில் குறுக்கே ஒரு விரிசல். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சிமெண்டு என்றாலே பயம்.

ஒரு குத்தகையாளர் (கண்டிராக்டர்) வந்தார். அளவு எடுத்தார், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார், போய்விட்டார். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

சிமெண்டு_சட்டை

தங்கச்சி, நான் இந்த வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு கேள்வி. ரோடு உங்கள் வாசலைவிட உயரமா, தாழ்வா? மழை பெய்யும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே நிற்கிறது? அடுத்த மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாசலில் நின்று பாருங்கள். எந்தக் குத்தகையாளரும் உங்களுக்காக அதைச் செய்ய மாட்டார்.

டைல்ஸ்_தம்பி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டைல்ஸ்தான். தண்ணீர் அடித்தால் போதும், சுத்தம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அதுதான்.

மூலைவீட்டுக்காரி

சிமெண்டு அண்ணே, நேற்று சாயங்காலமே மழை கொட்டியது, நின்று பார்த்தேன். ரோடு போர்ச்சைவிட ஒரு சாண் உயரம். தார் மேல் தார் போட்டு ஏறிவிட்டதாம். தண்ணீர் கேட்டுக்குள் வந்து போர்ச்சுக்கு முன்னால் குளம் கட்டுகிறது. இடது பக்க மூலையில் ஓர் இடம் தனியாக உள்வாங்கியிருக்கிறது. அங்கே மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது.

சிமெண்டு_சட்டை

அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30க்கு 20, மொத்தம் 600 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 1,400 லிட்டர் தண்ணீர் விழும். 200 லிட்டர் பீப்பாய் ஏழு. ரோட்டிலிருந்து வருவது தனி. நம் பக்கம் சாயங்காலத்து இடிமழையில் ஓர் அங்குலம் என்பது பெரிய விஷயமே இல்லை, அதிலும் நாம் மழைக்குப் பேர்போன தைப்பிங்குக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

நீங்கள் எதைப் போட்டாலும், சிமெண்டோ டைல்ஸோ, இந்த ஏழு பீப்பாயும் வீட்டை நோக்கித்தான் ஓடும். ரோட்டை இறக்க முடியாது. ஆகவே போர்ச்சுக்கு இரண்டடி முன்னால் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கம்பி மூடி போட்டு, பக்கத்து லோங்கானில் (சாக்கடையில்) இறக்க வேண்டும். கேட்டுக்கு அடியில் இன்னொன்று இருந்தால் ரோட்டுத் தண்ணீரும் உள்ளே வராது. மூடி கையால் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதம் உங்கள் தலையில்.

வாய்க்காலை நோக்கி 80 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு போதும். 30 அடிக்கு நாலரை அங்குலம் வரும். உங்களுக்கு ரோடே ஒரு சாண் உயரம் என்பதால் சரிவுக்குப் பஞ்சமில்லை.

பக்கத்து வீட்டு விரிசலைப் பற்றி: நான் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். இடைவெட்டுப் போடாமல் ஒரே பலகையாக ஊற்றியிருப்பார்கள். அல்லது பி.ஆர்.சி கம்பி வலையைத் தரையிலேயே படுக்க விட்டு மேலே ஊற்றியிருப்பார்கள். வலை பலகையின் நடுவுக்கு மேலே நிற்க வேண்டும், மண்ணில் கிடந்தால் அது மண்ணுக்குத்தான் கம்பி. அல்லது ஊற்றிய மறுநாளே வெயிலில் காயவிட்டிருப்பார்கள். 7 நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். முழுப் பலம் வர 28 நாள் ஆகும். காருக்கு 4 அங்குலக் கனம், ஏ6 (6 மில்லிமீட்டர் கம்பி) வலை, பத்தடிக்கு ஒரு வெட்டு, அந்த வெட்டு கனத்தில் கால் பங்கு ஆழம். இவை இருந்தாலும் சிமெண்டு விரியும். ஆனால் நாம் வெட்டிய கோட்டுக்குள் விரியும், வெளியே தெரியாது.

கம்பத்து_வாசி

ஏன் இவ்வளவு செலவு? கல்லைக் கொட்டிப் பரப்புங்கள், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் 8 வருடமாக அதுதான். தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும்.

பச்சைக்கை

கம்பத்து அண்ணே, உங்கள் வீட்டில் யாரும் கைத்தடி வைத்து நடக்கவில்லை போலிருக்கிறது. கல்லுக்குள் தடி புதையும். அப்புறம், புல் வெட்டும் மெஷின் ஒரு கல்லை அடித்துத் தெறிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக் காடியின் (காரின்) கண்ணாடி போனது எங்கள் வீட்டில் நடந்த கதை. கொட்டுவதாக இருந்தால் உருண்டைக் கல் வேண்டாம், அது டயருக்கடியில் நழுவிக்கொண்டே இருக்கும். உடைத்த கூர்க்கல் ஒன்றோடொன்று பிடித்து நிற்கும்.

தங்கச்சிக்கு ஒரு முக்கியமான விஷயம். ஈப்போ பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் கல்லை அழகுக்காக இட்லிப்பூச் செடியடியில் கொட்டிவிடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிமெண்டு சுவருக்கு ஒட்டி வைத்த இட்லிப்பூ எப்போதும் சோகையாக இருப்பது இதனால்தான். எந்தத் தளம் போட்டாலும் செடி வரிசைக்கு இரண்டரை அடியாவது மண்ணை விட்டுவிடுங்கள், சிமெண்டு கழுவிய தண்ணீர் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ்_தம்பி

புல் முளைக்கிற ஓட்டைக் கல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பச்சையாகவும் இருக்கும், காடியும் ஏறும்.

பச்சைக்கை

நான் போட்டேன் தம்பி, அதனால்தான் சொல்லவில்லை. படத்தில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. காடி இரவெல்லாம், ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் அதற்கடியில் புல்லுக்கு வெயில் ஏது? ஓரத்தில் புல், நடுவில் சேறு, எஞ்சின் சூட்டில் காய்ந்த சேறு வேறு. காடி வந்துபோகும் பாதைக்குச் சரி, நிறுத்தும் இடத்துக்குச் சரிவராது. குதிகால் செருப்போடு தீபாவளிக்கு வந்த என் நாத்தனார் அந்த ஓட்டையில் கால் மாட்டிச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

கோலக்காரி

எல்லாரும் காடியைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மா எங்கே கோலம் போடுவார்?

இண்டர்லோக் கல்லில் கோலம் போட்டுப் பார்த்திருக்கிறேன். இழை ஒவ்வொரு இடுக்கிலும் விழுந்து உடையும், புள்ளி வைத்தால் பாதிப் புள்ளி பள்ளத்தில். பளபள டைல்ஸில் மாவு நிற்காது, காற்றடித்தால் போய்விடும். கோலத்துக்கு ஏற்றது லேசாகத் தேய்த்த சிமெண்டுத் தரை. கேட்டுக்கு உள்ளே, காடிச் சக்கரம் ஏறாத இடமாகப் பார்த்து 5க்கு 5 அடியில் ஒரு சிமெண்டுப் பலகை தனியாக ஊற்றிக்கொள்ளுங்கள். தோட்டத்து லயத்தில் என் ஆத்தா சாணி மெழுகிய வாசலில் போட்டது போல வராது, ஆனாலும் நிற்கும்.

பொங்கலுக்கும் ஒன்று சொல்கிறேன். வெறும் சிமெண்டுத் தரையில் நேரே நெருப்பு மூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை பட்டென்று பெயர்ந்து தெறிக்கும், எங்கள் வீட்டில் தெறித்தது. டைல்ஸ் என்றால் விரிந்துவிடும். மூன்று விரல் கனம் மணல் பரப்பி, அதன் மேல் செங்கல் வைத்துப் பானையை ஏற்றுங்கள்.

தோட்டத்து_மண்டோர்

மகளே, நான் 31 வருடம் தோட்டத்தில் இருந்தவன், பால்மரக் காலத்திலிருந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) காலம் வரைக்கும். இந்தப் புதுக் கல்லெல்லாம் எனக்குத் தெரியாது. ரோடு தெரியும்.

தோட்டத்து மண் ரோட்டில் பழம் ஏற்றிய லோரி ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும் தெரியுமா? அப்படியும் அந்த ரோடு நிற்கும். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் ஆமை முதுகு போலச் சரிந்திருக்கும், ஓரத்தில் கான் வெட்டியிருக்கும். கான் அடைத்த வாரமே ரோடு குழம்பாகிவிடும். லோரி அதேதான், மண்ணும் அதேதான். துரை ரோட்டைப் பார்க்க வந்தால் முதலில் கானைத்தான் பார்ப்பார். சிமெண்டுத் தம்பி சொல்வதைக் கேட்டுக்கொள்.

எனக்கு அந்த இடது மூலைதான் கவலையாக இருக்கிறது. உங்கள் தாமான் நிலம் முன்னால் தோட்டமா? ஆமாம் என்றால், செம்பனை சாய்த்தபோது அடிமரத்தை அள்ளிக் கொண்டுபோனார்களா, குழியில் தள்ளி மண் மூடினார்களா என்று யாருக்கும் தெரியாது. செம்பனை மரம் தேக்கு இல்லை. உள்ளே நார் நாராக மக்கி, மேலே மண் உட்கார்ந்துகொண்டே இருக்கும், வருடக்கணக்கில். ஒரு நீளக் கம்பியை எடுத்து அந்த மூலையில் குத்திப் பார். நல்ல மண்ணில் ஒரு முழத்தில் கம்பி நின்றுவிடும். அங்கே வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், தோண்டாமல் எதையும் போடாதே.

மூலைவீட்டுக்காரி

ஐயா, கம்பி முக்கால் ஆள் உயரம் இறங்கிவிட்டது. அப்பா தடியைக் கீழே போட்டுவிட்டுத் தானே குத்திப் பார்க்கிறேன் என்று நிற்கிறார்.

அண்ணன்தான்

நான்தான் அந்த டைல்ஸ் அண்ணன். தங்கச்சி இங்கே வந்து எழுதுவது வேலையிடத்து நண்பர் காட்டித்தான் தெரிந்தது. என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். இண்டர்லோக் போட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன், இரண்டே வருடத்தில் டயர் போகும் வழியில் பள்ளம், இடுக்கில் எல்லாம் புல், எறும்பு மணலை மலை மலையாக வெளியே தள்ளி வைத்திருக்கும். நிறமும் வெளுத்துவிடுகிறது. காசும் போய், பார்க்கவும் அசிங்கம். டைல்ஸ் அப்படி இல்லை.

சிமெண்டு_சட்டை

அண்ணே வாங்க. நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் காரணம் கல் இல்லை.

டயர் வழியில் பள்ளம் விழுந்தால், கீழே கிரஷர் ரன் (கல்தூள் கலந்த உடைகல்) போதவில்லை, அல்லது அமுக்கவில்லை. 6 அங்குலம் கிரஷர் ரன் வேண்டும், அதை இரண்டு தடவையாகப் பரப்பி ஒவ்வொரு தடவையும் மெஷின் வைத்து அமுக்க வேண்டும். மேலே மணல் ஒன்றே கால் அங்குலம்தான். நிறையப் பேர் கிரஷர் ரன்னில் மிச்சம் பிடித்துப் பள்ளத்தை மணலால் நிரப்புகிறார்கள். மணல் ஓடத்தான் செய்யும். ஓரத்தில் சிமெண்டு வைத்துக் கட்டிய கரைக்கல் இல்லாவிட்டால் கல் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து இடுக்கு பெரிதாகும். அப்போதுதான் எறும்பு, புல் எல்லாம். அடுக்கும் முறையும் முக்கியம். செங்கல் சுவர் மாதிரி வரிசையாக அடுக்கினால் ஹைலக்ஸ் திரும்பும்போது வரிசையோடு தள்ளும். மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால் ஒன்று தள்ளுவதை இன்னொன்று தாங்கும்.

புதுக் கல்லில் வெள்ளையாகப் பூத்தால் பயந்து ஆசிட் ஊற்றாதீர்கள், சுண்ணாம்புதான், மழையில் நாளடைவில் போய்விடும். தண்ணீர்த் துப்பாக்கி வைத்து வாரம் ஒரு முறை கழுவுகிறவர்கள் இடுக்கு மணலைத் தாங்களே வாரி லோங்கானில் விட்டுவிட்டு எறும்பின் மேல் பழி போடுகிறார்கள்.

இப்போது டைல்ஸ். உங்கள் மண் உட்காரும் மண் என்று கம்பி சொல்லிவிட்டது. டைல்ஸுக்குக் கீழே சிமெண்டுப் பலகை வேண்டும், இல்லாமல் ஒட்ட முடியாது. மண் இறங்கினால் பலகை விரியும், பலகை விரிந்தால் அதே கோட்டில் டைல்ஸ் விரியும். அப்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதே நிறம் கடையில் கிடைக்காது. இண்டர்லோக் இறங்கினால் இருபது கல்லைப் பெயர்த்து, கீழே நிரப்பி, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அப்படித்தான். நான் வழக்கமாகச் சிமெண்டுதான் சொல்வேன், அதில்தான் எனக்கு வேலை சுலபம். உங்கள் வீட்டுக்கு மட்டும் சிமெண்டு சொல்ல மாட்டேன்.

டைல்ஸ்_தம்பி

தார்?

சிமெண்டு_சட்டை

600 சதுர அடிக்குத் தார் லோரியைக் கூப்பிட்டால் பாதி லோரிக்கு முழுக் காசு கேட்பார்கள். மோட்டார் ஸ்டாண்டு வெயிலில் புதையும், எஞ்சின் ஆயில் சொட்டினால் இளகும். விடுங்கள்.

பச்சைக்கை

அண்ணனுக்கு ஒரு சமாதானம் சொல்கிறேன். கூரை இருக்கும் போர்ச்சில் டைல்ஸ் போடுங்கள், மழை நேராக விழாது. ஆனால் வழுக்கலுக்கு அளவு உண்டு, பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கும். ஈரமான காலும் கைத்தடியும் வரும் இடத்துக்கு ஆர்11. கண்ணாடி மாதிரி மின்னுவதை மட்டும் வாங்காதீர்கள், உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்தான்

அப்பா பேச்சு வந்த பிறகு என்ன சொல்ல. சரி.

தோட்டத்து_மண்டோர்

ஒரு டைல்ஸ் ஒட்டும்போது அடியில் காற்று இருந்தால் தட்டினால் டொக்கென்று கேட்கும். கூலி கொடுக்கும் முன்னால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். இது மருமகன் வீட்டில் கற்றுக்கொண்டது.

கம்பத்து_வாசி

கேட்டுக்கு வெளியே லோங்கான் மேல் பலகை அகலப்படுத்த வேண்டும் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நம் ஊர் அவர்களுக்குக் கீழேதான் வருகிறது. ரோட்டோர லோங்கானும் புல் தரையும் நம்முடையது இல்லை.

மூலைவீட்டுக்காரி

(ஏழு வாரம் கழித்து)

மன்னிக்க வேண்டும், வேலை நடந்துகொண்டிருந்ததால் எழுத முடியவில்லை.

இடது மூலையைத் தோண்டினோம். மண்டோர் ஐயா சொன்னதேதான், இரண்டு செம்பனை அடிமரம், ஒன்றன் மேல் ஒன்று, கையால் பிய்க்கும் அளவுக்கு மக்கியிருந்தது. உள்ளே கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழுக்கள்.

தோட்டத்து_மண்டோர்

காண்டாமிருக வண்டின் குஞ்சு அது. வளர்ந்து வண்டானதும் இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைத்தே கொன்றுவிடும். அதை அழிக்கத் தனியாக ஆள் போட்ட காலம் உண்டு. என்ன செய்தாய்?

மூலைவீட்டுக்காரி

பின்வீட்டுக் கோழிகளுக்கு மூன்று நாள் விருந்து. அந்த வீட்டு அக்கா ஒரு டஜன் முட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

குழியில் நல்ல மண்ணும் கிரஷர் ரன்னுமாக அரையடி அரையடியாகப் போட்டு அமுக்கினார்கள். முதலில் வந்த குத்தகையாளர் இல்லை, வேறொருவர். கிரஷர் ரன் எத்தனை அங்குலம் என்று நான் கேட்டதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டேஷன் தாளில் "6 அங்குலம், இரண்டு தடவையாக" என்று எழுதச் சொன்னேன், எழுதினார். மறுநாள் லோரி வந்ததும் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். அவரே!

போர்ச்சுக்கு முன்னால் வாய்க்கால், மீன்முள் அடுக்கில் சாம்பல் நிற இண்டர்லோக், 60 மில்லிமீட்டர் கனம், சுமார் 2,800 கல். காருக்கு அது போதும், லோரி அடிக்கடி ஏறினால்தான் 80 வேண்டும் என்றார் குத்தகையாளர். போர்ச்சில் அண்ணனுடைய டைல்ஸ், ஆர்11. கேட்டுக்கு உள்ளே வலது பக்கம் அம்மாவுக்கு 5க்கு 5 சிமெண்டுப் பலகை. செடி வரிசைக்கு இரண்டரை அடி மண்.

நேற்று நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு மறுபடி நின்று பார்த்தேன். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து லோங்கானுக்குப் போகிறது. இடது மூலை மட்டும் ஒரு விரல் கனம் இறங்கியிருக்கிறது.

சிமெண்டு_சட்டை

அது இறங்கும், அவ்வளவு ஆழம் தோண்டிய குழி. இந்த மழைக்காலம் முடியட்டும், பிறகு அந்தக் கல்லை மட்டும் எடுத்து நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். இடுக்குக்கு மணல் இன்னொரு மூட்டை வாங்கி வைத்திருங்கள், முதல் வருடம் இரண்டு முறை தூவ வேண்டியிருக்கும்.

கோலக்காரி

அம்மாவுக்குப் பலகை பிடித்ததா?

மூலைவீட்டுக்காரி

அக்கா, மார்கழிக்கு 5 அடி போதாதாம். ஹைலக்ஸை வெளியே நிறுத்தினால் இன்னும் இரண்டு அடி கிடைக்குமே என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.